ரத்னா திறந்துவைத்துவிட்டுப் போன பக்கம்

பென்னலூர் ரத்னாவுக்கு இப்போது நாற்பத்தோரு வயது. அதில் பதினான்கு வருஷத்தை ஒயருக்கு டேப் சுற்றியே கழித்திருக்கிறாள். ஒரு காருக்குள் விளக்கு எரிவதற்கும், கண்ணாடி இறங்குவதற்கும், ஹாரன் அடிப்பதற்கும் ஓடுகிற அத்தனை ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி ஒன்று ஒரகடத்தில் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த கையோடு அங்கே லைனில் நின்றவள், முப்பத்து மூன்றாவது வயதில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவும் சும்மா உட்காரவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டபோது, மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடச் சரியாகத் தெரியாமல் முதல் ஆளாகக் கை தூக்கினாள். ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டும் விட்டாள். பிடிவாதம் என்று ஒன்று இருந்தால் கழுத்து எலும்பெல்லாம் எம்மாத்திரம்!

பயிற்சிப் பிரிவில் எட்டு வருஷமாக வேலை. வீட்டுக்காரர் கோதண்டம் வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறார். காலையில் இரண்டு பேருடைய பஸ்ஸும் வடக்குப்பட்டுத் திருப்பத்தில் எதிரும் புதிருமாகக் கடக்கும். அவர் ஒரு ஹாரன் அடிப்பார். "இந்த மன்சனுக்கு வேற வேல இல்ல" என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ரத்னா சலித்துக்கொள்வாள். ஹாரன் வராத நாளில் மத்தியானம் வரைக்கும் யாரும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

அவளுடைய வேலை கட்டங்களில் டிக் போடுவது. கேட்கச் சின்ன வேலையாக இருக்கும். லைனில் இருபது ஸ்டேஷன். ஒயர் வெட்டுவது ஒன்று, முனையில் டெர்மினல் என்கிற உலோகத் துண்டை வைத்து அழுத்துகிற கிரிம்பிங் ஒன்று, கிளிப் மாட்டுவது, குரோமெட் என்கிற ரப்பர் வளையத்தைக் கோர்ப்பது, டேப் சுற்றுவது, கடைசியில் கரண்டு சரியாகப் போகிறதா என்று பார்ப்பது என்று வரிசையாகப் போகும். டிரெய்னியாக வருகிற பெண்கள் மூன்று வருஷத்துக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பழகி, அந்த ஸ்டேஷன் லீடர் முன்னால் செய்துகாட்டித் தேற வேண்டும். தேறினால் லீடர் பயிற்சி அறைக்கு இன்டர்காமில் சொல்வார். ரத்னா கம்ப்யூட்டரில் அந்த பேட்ச்சின் பக்கத்தைத் திறந்து, பெண்ணின் பெயருக்கு நேராக, ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கிற சின்னக் கட்டத்தில் டிக் போட்டு சேவ் அழுத்துவாள். பதினாறு டிக் இருந்தால் பர்மனென்ட். இல்லையென்றால் மூன்று வருஷம் முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பெல்லாம் இதற்கு அட்டை இருந்தது, லீடர் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதையெல்லாம் ஒழித்துவிட்டு, காகிதமில்லாத கம்பெனி என்று வாசலில் போர்டு வைத்தார்கள். அந்த போர்டு இருக்கட்டும்.

அந்தக் கட்டங்களின் மேல் ரத்னாவுக்குத் தனிப் பிரியம். அவள் லைனில் நின்ற காலத்தில் யாரும் அவளுக்கு டிக் போடவில்லை, திட்டு மட்டும்தான் போட்டார்கள். ஒரு பெண் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டாள் என்பதை எழுதிவைக்க ஒரு இடம் இருக்கிறதே என்பதில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். டிக் போடும்போது அந்தப் பெண்ணின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அறைக்குள் ஒரு புதன்கிழமை மத்தியானம் வேல்விழி வந்து நின்றாள். பதினாலாம் பேட்ச் டிரெய்னி. புளியங்குடிப் பக்கத்துப் பெண். அப்பா எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். ஹாஸ்டலில் தங்கி, மூன்று வருஷமாக ஒரு நாள்கூட லேட்டாக வராத பெண். கையில் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ, துடைத்துப் பாலிதீன் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

"அக்கா, ஷூவ எங்க ஒப்படைக்கணும்? ஸ்டோர்ல கேட்டா ஒங்கள்ட்ட கேக்கச் சொல்லுதாவ."

"இன்னாத்துக்கு ஒப்படைக்கிற? கிழிஞ்சுபோச்சா?"

"இல்லக்கா. மாசக் கடைசியோட எனக்கு முடியுதுல்லா. பர்மனென்ட் லிஸ்ட்ல நான் வரமாட்டேன். ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு."

ரத்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண் வராவிட்டால் வேறு எவள் வருவாள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லிஸ்ட் ஹெச்ஆருக்குப் போகிறது. இன்னும் இரண்டு நாள்தான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி பதினாலாம் பேட்ச்சைப் பார்த்தாள். முப்பது பெயர், இருபது ஸ்டேஷன், அறுநூறு கட்டம். வேல்விழிக்கு நேராக விரலை வைத்து எண்ணினாள். பதினொன்று.

"ஏம்மா, கிரிம்பிங் நீ முடிக்கல?"

"முடிச்சேன்னுதான் நெனச்சேன். லீடர் அந்தோணிராஜ் அண்ணன் சரின்னுதான் சொன்னாவ. ஆனா மூணு வாரத்துக்கு முன்ன கேன்டீன் பக்கத்துல இருக்க மெஷின்ல என் பேரைப் போட்டுப் பாத்தேன். டிக் இல்ல. கிளிப்புக்கும் இல்ல. டிக் இல்லன்னா எனக்கு வரலன்னுதானக்கா அர்த்தம்?"

"யாராண்டயாவது கேட்டியா?"

"கேக்கல. போடாம விட்டுருக்காவன்னா எதையோ பாத்துட்டுத்தான விட்டுருப்பாவ."

எவ்வளவு அடக்கமான பெண் என்று இந்த இடத்தில் மெச்சத் தோன்றலாம். ரத்னாவுக்கு மெச்சத் தோன்றவில்லை, கோபம் வந்தது. தன் கை செய்த வேலையைவிட ஒரு கட்டத்தை நம்புகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. "ஷூவ எடுத்துகினு போய் மாட்டு. வெள்ளிக்கிழம வரைக்கும் கழட்டுனன்னு தெரிஞ்சுது, பாரு" என்று விரட்டினாள்.

இரண்டரை மணிக்கு நம்பிராஜன் வந்தான். அவனும் தெற்கத்திக்காரன்தான், அம்பாசமுத்திரம். அதே அறையில் இரண்டாவது ஷிப்டு பார்க்கிறவன். வேல்விழி இரண்டு மாதமாக இரண்டாவது ஷிப்டில் இருப்பதால் அவளுக்கு டிக் போட வேண்டியது அவன்தான். ரத்னா அவன் பையைக்கூடக் கீழே வைக்கவிடவில்லை.

"வேல்விழிக்கு டிக் போட்டியா இல்லியா?"

"போட்டேன்லாக்கா! கிரிம்பிங், கிளிப், குரோமெட், அப்பறம் இன்னும் ரெண்டு. அஞ்சும் நான்தான் போட்டேன். லீடர் சொல்லச் சொல்லப் போட்டேன். நீங்க வேணா எந்த சாமி மேல வேணாலும் சத்தியம் கேளுங்க."

"அப்ப எங்க போச்சு? எலி தின்னுச்சா?"

"எனக்கென்னக்கா தெரியும்! நான் வீட்டுக்குப் போனப் பெறகு என்ன நடக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

கடைசி வாக்கியத்தை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனாலும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ரத்னா அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. ஐ.டி. அறையிலிருந்து ஜோயலை வரச் சொன்னாள்.

ஜோயல் ஸ்ரீபெரும்புதூர்க்காரன். இந்தப் பக்கத்தையெல்லாம் எழுதியதே அவன்தான். வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து பார்த்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, சேவ் அழுத்துனா இன்னா ஆவும்னு நெனைக்கிறீங்க?"

"நான் புதுசா போட்ட டிக்கு உள்ள போவும்."

"அதான் இல்ல. பக்கம் மொத்தமும் உள்ள போவும். அதுலயும் டிக் இருக்கிற கட்டம் மட்டும்தான் என் பேர் இதுன்னு சொல்லும். டிக் இல்லாத கட்டம் வாயே தொறக்காது. யாரும் போடாம காலியா கீதா, போட்டு எடுத்ததால காலியா கீதா, சிஸ்டத்துக்குத் தெரியாது. அதனால நான் இன்னா பண்ணி வெச்சேன்னா, சேவ் வந்தா அந்த பேட்ச்சோட பழைய டிக் எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு, இப்ப வந்ததை மட்டும் எழுதுன்னு வெச்சுட்டேன்."

"அதுல இன்னா தப்பு? ஸ்கிரீன்ல இருக்கறதுதானே உள்ள இருக்கணும்."

"ஸ்கிரீன் புதுசா இருந்தா தப்பில்ல. நேத்து தொறந்த பக்கத்தை இன்னிக்கு சேவ் பண்ணா, நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடும். நடுவுல வேற ஒருத்தர் போட்டதெல்லாம் காலி." அவன் கொஞ்சம் தயங்கினான். "உங்க கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கம் எப்பலேர்ந்து தொறந்து இருக்குது?"

ரத்னாவுக்குப் புரிந்துவிட்டது.

லைனில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிப்டு முடிந்தால் மெஷினை அணைத்துவிட்டுப் போக மாட்டார்கள். பாதி சுற்றிய டேப்பை அப்படியே அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அணைத்துவிட்டுப் போகிறவள் அடுத்தவளுக்குக் கேடு நினைக்கிறவள். பதினான்கு வருஷம் அப்படியே பழகிய ரத்னா, நாற்காலிக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது பக்கத்தை மூட மாட்டாள். தம்பி வந்ததும் தேடாமல் வேலையைத் தொடங்கட்டும் என்று திறந்தே வைத்துவிட்டுப் போவாள். அறையில் ஒரே கம்ப்யூட்டர் இருந்தவரைக்கும் அதில் ஒரு குறையும் வரவில்லை. அவன் அதே பக்கத்தில் தொடர்ந்து போடுவான், காலையில் இவள் வந்து அதே பக்கத்தில் தொடர்வாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் நம்பிராஜனுக்கென்று இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது.

"அதுக்கப்பறம் என் சீட்ல நீ உக்காரவே இல்லியா?" என்று கேட்டாள்.

"ஒங்க சீட்டுல நான் எப்படிக்கா உக்காருவேன்? மரியாத இல்லல்லா" என்றான் நம்பிராஜன்.

ஆக, அவனுக்காக இவள் பக்கத்தைத் திறந்து வைத்தாள், இவளுக்காக அவன் அந்த சீட்டைத் தொடாமல் இருந்தான். சாயங்காலம் அவன் தன் கம்ப்யூட்டரில் டிக் போட்டுவிட்டுப் போவான். காலையில் இவள் முந்தின நாள் மத்தியானத்துப் பக்கத்தில் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒரு டிக் போட்டு சேவ் அழுத்துவாள். அவன் போட்டது அத்தனையும் போய்விடும். இரண்டு பேரும் கொஞ்சம் மரியாதை கெட்டவர்களாக இருந்திருந்தால் வேல்விழி ஷூவைத் துடைத்திருக்க மாட்டாள்.

"பேக்கப்புல எடுக்க முடியாதா?" என்று நம்பிராஜன் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமதான் பேக்கப். சாயங்காலம் வந்து காலையில போனது எதுலயும் சிக்கல." ஜோயல் எழுந்து கதவைச் சாத்தினான். "அக்கா, உங்க பேரை இதுல இழுக்க வேணாம். நான் எழுதுனதும் அரைகுறைதான். சிஸ்டம் எர்ரர்னு நானே போட்டுக் குடுத்துடறேன்."

நல்ல பையன். ரத்னாவுக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்தது. ஒரு இரவு முழுக்க யோசித்தாள். எட்டு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள் என்ற பெயர் கம்பெனியில் அவளுக்கு இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ளவும் அவளுக்குப் பிடிக்கும். காலையில் பயிற்சிப் பிரிவு மேனேஜர் சண்முகசுந்தரத்தின் அறைக்குள் போகிறவரைக்கும் எதைச் சொல்வது என்று அவள் முடிவு செய்யவில்லை.

மேனேஜர் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சிஸ்டம் எர்ரர்னா ஒரு கமிட்டி உக்காரணும்மா. வெளியிலேர்ந்து ஆடிட் வரும். ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள லிஸ்ட் போயிடும். டேட்டா என்ட்ரி பண்ண ஆளோட தப்புன்னா அப்படி இல்ல. அந்தந்த லீடர் கையால எழுதிக் குடுத்தா நானே திருத்த ஆர்டர் போடலாம். ஆனா அதுக்கு ஒரு பேரு வேணும். மெமோ வரும்."

"பேரு ரத்னா சார்" என்றாள்.

சொல்லிவிட்டு நேராக லைனுக்குப் போனாள்.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவள் லைன் முழுக்க நடந்தாள். ஐந்து ஸ்டேஷன், ஐந்து லீடர். ஒவ்வொருவரிடமும் நின்று, "நீங்க குடுத்த டிக்கை நான்தான் அழிச்சுட்டேன். வேல்விழி செஞ்சது ஞாபகம் இருந்தா எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். ஞாபகம் இல்லாமல் என்ன? நான்கு பேர் நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். குரோமெட் லீடர் மட்டும், "இன்னா ரத்னா, நீயா இப்படி?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

ஐந்தாவது ஆள் கிரிம்பிங் அந்தோணிராஜ். கறார் பேர்வழி. "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பண்ணுச்சு. ஆனா ரெண்டு மாசம் ஆயிடுச்சு. கண்ணால பாக்காம எழுதித் தரமாட்டேன். வரச்சொல்லு, பத்து பீஸ் போடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேல்விழி கிரிம்பிங் மெஷின் முன்னால் நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒயரை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். முதல் பீஸ் போடுவதற்கே ஒரு நிமிஷம் ஆனது. அந்தோணிராஜ் அளவு பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டில் போட்டார். இரண்டாவது பீஸ் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. நான்காவதுக்குப் பிறகு அவள் மெஷினைக்கூடப் பார்க்கவில்லை, கை தன் பாட்டுக்குப் போனது. பத்து முடிந்தும் நிறுத்தாமல் பதினொன்றாவதுக்குக் கை நீட்டியவளை, "போதும்மா, டார்கெட்டா முடிக்கப் போற?" என்று அந்தோணிராஜ்தான் நிறுத்தினார். பத்தில் ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. எழுதிக் கொடுத்தார்.

நான்கே கால் மணிக்குப் பயிற்சி அறையில் ரத்னா, நம்பிராஜன், ஜோயல், வேல்விழி நான்கு பேரும் ஒரு ஸ்கிரீனைச் சுற்றி நின்றார்கள். ரத்னா பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். ஐந்து தடவை வேல்விழி, வேல்விழி என்று சொல்லி ஐந்து டிக் போட்டாள். பதினாறு. சேவ் அழுத்தி, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். பதினாறு. நம்பிராஜன் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். அங்கேயும் பதினாறு. ஐந்து மணிக்கு லிஸ்ட் போனது, அதில் வேல்விழியின் பெயரும் போனது.

சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஜோயல் பக்கத்தைத் திருத்தினான். இப்போது ஒருவர் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை நடுவில் வேறொருவர் மாற்றிவிட்டால், சேவ் அழுத்தும்போது முடியாது, புதிதாகத் திறந்து பார் என்று அது முரண்டு பிடிக்கும். எந்த டிக்கை யார், எப்போது எடுத்தார்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளும். தேடிப் பார்த்ததில் இன்னும் ஏழு பெண்களுக்கு டிக் காணாமல் போயிருந்தது. நல்லவேளை, யாருக்கும் கெடு வரவில்லை, யாரும் ஊருக்கு அனுப்பப்படவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ரத்னாவுக்கு மூச்சு வந்தது. மெமோ வந்தது. படித்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மத்தியானம் பசி எடுத்தது, நன்றாகவே சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை இரண்டாவது ஷிப்டுக்கு முன்னால் வேல்விழி வந்தாள். பர்மனென்ட் ஆனவள் முகத்தில் இருக்க வேண்டிய சிரிப்பு இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"இன்னாடி, இப்பயும் ஷூவ குடுக்க வந்தியா?"

"இல்லக்கா. ஒரு உதவி. எங்கப்பாட்ட போன்ல ஒரு வார்த்த சொல்லுதியளா? அந்த டிக் என்னால போகலன்னு."

"வேலை கெடச்சுதுன்னு சொல்லிட்டல்ல?"

"சொல்லிட்டேன். சந்தோசம்தான் அவுகளுக்கு. ஆனா யாரோ பாவம் பாத்துக் குடுத்துருக்காவன்னு நெனைக்காவ போலுக்கு. மூணு வாரத்துக்கு முன்ன, எனக்குக் கை வரலப்பான்னு நான்தான் சொன்னேன். சரி தாயி, வந்துருன்னு சொன்னாவ. ஒரு வார்த்த மறுத்துப் பேசலக்கா."

ஐந்து லீடரிடமும் மேனேஜரிடமும் சொன்னதை ஐந்தே நாளில் ஏழாவது தடவையாகச் சொல்ல வேண்டும். அதுவும் முகம் தெரியாத ஒரு மனிதரிடம். ரத்னாவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஐயா, வணக்கம். நான் கம்பெனிலேர்ந்து ரத்னா பேசறேன். உங்க பொண்ணு அஞ்சு வேலையும் ஒழுங்காத்தான் கத்துகினு தேறுனா. அது எழுதியிருந்ததைத் தெரியாம நான்தான் அழிச்சுட்டேன். தப்பு என்னுது. அவளுக்கு யாரும் பாவம் பாத்துக் குடுக்கல."

அந்தப் பக்கம் லாரியில் மூட்டை ஏற்றுகிற குரல்கள் கேட்டன.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அவர். "அஞ்சு வயசுலயே எலுமிச்சங்காய பெருசு சிறுசுன்னு என்னைவிட வெரசாப் பிரிப்பா. அவளுக்கா கை வராது? அன்னைக்கு அவ அழுதப்ப, நீ நல்லாத்தான் செஞ்சிருப்ப, போய்க் கேளுன்னு சொல்லிருக்கணும். கேட்டு அங்க ஏதும் சங்கடமாயிருமோன்னு பயந்துட்டேன். சரி, வந்துருன்னு சொல்லிட்டேன். அவ பக்கத்துல நிக்காளா?"

"நிக்கேன்ப்பா" என்றாள் வேல்விழி.

"ஏட்டி, அன்னைக்கு நான் சரின்னு சொன்னது தப்பு. ஒனக்குக் கை வரலன்னு நீ சொன்னதை நான் நம்பல. நம்பாமத்தான் சரின்னேன்."

வேல்விழி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அப்பாவிடம் அழுததோடு சரி, அதற்குப் பிறகு யாரிடமும் அழாதவள் அங்கே நின்று அழுதாள். ரத்னாவுக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. வெளியே ஷிப்டு சைரன் ஊதியது. வேல்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எனக்கு வேல தெரியும்ப்பா" என்றாள்.